மேற்கோள் கணக்கும் சக்கரைக் கணக்கும்

எங்க ஊர் ஆத்தூர்ல (சேலம் பக்கத்து ஆத்தூர் இல்ல மக்கா, தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் போற வழியில, வெத்தலைக்குப் பேர் போன ஆத்தூர்) முன்னாடியெல்லாம் ரெண்டு பெரியவங்க சந்திச்சா ஆத்துல தண்ணி வருதான்னுதான் முதல்ல கேப்பாங்க. இப்ப முதல் கேள்வி "அண்ணாச்சி, சுகர் எவ்வளவு இருக்கு?" டீக்கடையில சீனி இல்லாத டீ கேக்கற ஆளைப் பாத்து யாரும் ஆச்சரியப்படறதில்ல. கல்யாண வீட்டுப் பந்தியில பாயசத்தை வேண்டாம்னு சொல்றவங்க ஒரு தனி வரிசையாவே ஆகிட்டாங்க.

"அந்தக் காலத்துல இவ்வளவு சக்கரை வியாதி கிடையாதுப்பா"ன்னு எல்லாரும் சொல்றாங்க. அது உண்மையா? உண்மைன்னா எவ்வளவு கூடியிருக்கு? அதை யாரு, எப்ப, எப்படி எண்ணினாங்க? இந்தக் கேள்வியோட நோண்ட ஆரம்பிச்சா ஆய்வுக் கட்டுரைகள் பக்கம் போய் நிக்க வேண்டியதாயிருக்கு. அங்க போனா இன்னொரு கணக்கு குறுக்கே வருது. ஒரு ஆராய்ச்சியாளர் எத்தனை கட்டுரை எழுதினார், அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினாங்க, அவரோட ஹெச்-இண்டெக்ஸ் என்னன்னு ஒரு ஸ்கோர் போர்டு.

ஒண்ணு நோயாளிகளை எண்ணற கணக்கு. இன்னொண்ணு நோயாளிகளை எண்ணினவங்களை எண்ணற கணக்கு. ரெண்டுமே தமிழ்நாட்டுல சுவாரசியமா பின்னிக் கிடக்கு. பொட்டி தட்டுற ஆளுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்காதீங்க. டேட்டான்னு ஒண்ணு கிடைச்சா சும்மா இருக்க முடியாத வியாதி எங்களுக்கு :-)

ஸ்டான்லியில் தொடங்கிய கதை

டொரொண்டோவுல பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டுபிடிச்சது 1921ல. அதுக்கு 27 வருஷம் கழிச்சு, 1948ல, சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில பேராசிரியர் எம்.விஸ்வநாதன் சக்கரை நோய்க்குன்னே ஒரு தனி கிளினிக் தொடங்கினார். இந்தியாவுல அந்த மாதிரி முதல் கிளினிக் அதுதான்னு சொல்றாங்க. அப்ப சக்கரை நோய்க்குன்னு தனி டாக்டர் என்கிற யோசனையே புதுசு. காய்ச்சல், காலரா, காசநோய்னு நாடு தவிச்சுக்கிட்டிருந்த நேரம். 'பணக்கார வியாதி'க்கு ஒரு தனி அறை எதுக்குன்னு கேட்டிருக்கக்கூடிய காலம்.

பிறகு ராயபுரத்துல அவர் தொடங்கின மருத்துவமனையும், டயபடீஸ் ரிசர்ச் சென்டரும் ஒரு பள்ளிக்கூடமாவே ஆச்சு. அவரோட மகன் வி.மோகன் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவரா இருக்கும்போதே அப்பாகூட ஆராய்ச்சியில சேர்ந்துட்டார். ஏ.ராமச்சந்திரன், உயிர்வேதியியல்காரரான சி.ஸ்நேகலதா இவங்களெல்லாம் அங்கதான் ஒண்ணா வேலை பாத்தாங்க. 1980கள்ல வந்த கட்டுரைகளைத் தேடினா இந்த நாலு பேரும் ஒரே ஆசிரியர் பட்டியல்ல மாறி மாறி நிப்பாங்க. இள வயசுலயே, வம்சாவளியா வர்ற சக்கரை நோய் இந்தியர்கள்கிட்ட அதிகம்னு 1985ல 'டயபடீஸ் கேர்' இதழ்ல வந்த கட்டுரை அதுல ஒண்ணு.

இங்க கவனிக்க வேண்டியது கேஸ் ஷீட். நோயாளி வந்தார், மருந்து வாங்கினார், போனார்னு விடாம, உயரம், எடை, அப்பா அம்மாவுக்கு இருந்ததா, என்ன சாப்பிடறார்னு எழுதி வெச்சு, அடுத்த தடவை வரும்போது அதே ஷீட்டை எடுக்கறது. நம்ம பாஷையில சொன்னா டேட்டாபேஸ். கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே பேப்பர்ல ஒரு டேட்டாபேஸ். பிற்பாடு வந்த நூத்துக்கணக்கான கட்டுரைகளுக்கு அந்தப் பழக்கம்தான் அஸ்திவாரம்.

நாலு எண்கள், ஒரு ஏணி

கிளினிக்குக்கு வர்றவங்களை எண்ணறது ஒண்ணு. கிளினிக்குக்கு வராதவங்களை வீட்டுக்குப் போய் எண்ணறது வேற. நோய் இருக்குன்னே தெரியாதவங்க வீட்டுலதான் இருப்பாங்க. ஊர்ல எவ்வளவு நோய் இருக்குன்னு தெரியணும்னா கதவைத் தட்டணும், வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும், குளுக்கோஸ் குடுக்கணும், ரெண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி எடுக்கணும். எவ்வளவு பேர் ஒத்துக்குவாங்கன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

1988ல 'பி.எம்.ஜே.' இதழ்ல இந்தக் குழு ஒரு கட்டுரை போட்டாங்க. ராமச்சந்திரன், ஜலி, மோகன், ஸ்நேகலதா, விஸ்வநாதன்னு ஆசிரியர்கள். கர்நாடகாவுல குதிரேமுக் சுரங்க டவுன்ஷிப்ல எடுத்த கணக்கு. பெரியவங்கள்ல 5 சதவீதம் பேருக்கு சக்கரை நோய். 1970கள்ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த கணக்குல நகரத்துல 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்திச்சு. 'லண்டன்ல குடியேறின இந்தியர்களுக்குத்தான் சக்கரை அதிகம், ஊர்ல இருக்கறவங்களுக்கு இல்ல'ன்னு அதுவரைக்கும் நம்பிக்கிட்டிருந்ததுக்கு விழுந்த அடி அது.

அதுக்கு அடுத்து வந்ததுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. சென்னை நகரத்துல மட்டும் எடுத்த நாலு கணக்கைப் பாருங்க.

1989: 8.3 சதவீதம்
1995: 11.6 சதவீதம்
2000: 13.5 சதவீதம்
2004: 14.3 சதவீதம்

14-15 வருஷத்துல 72 சதவீத ஏற்றம். இந்த நாலையும் ஒண்ணாக் கோத்து வெச்சது 2006ல 'டயபடாலஜியா' இதழ்ல மோகன் குழு போட்ட கட்டுரை. கடைசி எண் மட்டும்தான் அவங்களோடது. 'க்யூர்ஸ்'ங்கற பேர்ல சென்னையில 26,001 பேரை வெச்சு 2001ல தொடங்கின பெரிய ஆய்வுல இருந்து வந்தது. முந்தின மூணும் ராமச்சந்திரன் குழு எடுத்த கணக்குகள். அதுக்குள்ள ரெண்டு பேரும் தனித்தனி நிறுவனம். மோகன் 1991ல தன்னோட மருத்துவமனையைத் தொடங்கி, 1996ல மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனை ஆரம்பிச்சிருந்தார். விஸ்வநாதன் காலமானதும் அதே 1996லதான்.

ஒரே ஊரு, ஒரே தொழில், தனித்தனி கடை. சாதாரணமா என்ன நடக்கும்? பக்கத்துக் கடை பேரைச் சொல்லவே வாய் வராது. ஆனா ஆய்வுக் கட்டுரைங்கற உலகத்துல அப்படி முடியாது. "நகரத்துல நோய் கூடிக்கிட்டே வருது"ன்னு ஒரு வாக்கியம் எழுதணும்னா, பழைய எண் வேணும். பழைய எண் எடுத்தவர் பேரைச் சொல்லியே ஆகணும். அதுதான் மேற்கோள். ஒருத்தர் போட்ட மூணு படி மேல நின்னு இன்னொருத்தர் நாலாவது படியைப் போடறார். இந்தப் படி ஏணியை ஹெச்-இண்டெக்ஸ் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. கட்டுரையோட கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கற பட்டியலைப் படிச்சாத்தான் தெரியும்.

அப்ப கிராமம்? 1989ல அதே குழு சென்னைக்கு வெளியே கிராமத்துல எடுத்தப்ப வந்தது 2.4 சதவீதம். 2008ல வெளியான ராமச்சந்திரன் கட்டுரையில சென்னை 18.6, காஞ்சிபுரம் 16.4, பண்ருட்டியைச் சுத்தின கிராமங்கள் 9.2. இருபது வருஷத்துல கிராமம், பழைய சென்னையைத் தாண்டிடுச்சு. ரெண்டும் வேற வேற கிராமம், அதனால நேரடியா ஒப்பிட ஒரு கூச்சம் இருக்கணும்தான். ஆனா திசை தெளிவு. நம்ம டீக்கடைப் பெரியவர் சொன்னது சரி. அவர்கிட்ட எண் இல்ல, அவ்வளவுதான்.

எண்ணினவங்களை எண்ணின தமிழர்

இப்ப இன்னொரு கணக்குக்கு வருவோம். அமெரிக்காவுல யூஜீன் கார்ஃபீல்டுங்கறவர் 1964ல 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்'னு ஒண்ணைக் கொண்டு வந்தார். ஒரு கட்டுரையை வெச்சுக்கிட்டு அது யாரை மேற்கோள் காட்டுதுன்னு பாக்கறது சுலபம். அதைப் பின்னால யாரெல்லாம் மேற்கோள் காட்டினாங்கன்னு பாக்கறதுதான் கஷ்டம். கார்ஃபீல்டு அதைத் தலைகீழாப் புரட்டிப் பட்டியல் போட்டார். வக்கீல்கள் பழைய தீர்ப்பு இன்னும் செல்லுமான்னு பாக்க வெச்சிருந்த ஒரு புத்தக முறைதான் அவருக்கு வழிகாட்டி. தேடறதுக்காக வந்த கருவி அது. மார்க் போடறதுக்காக இல்ல.

2005ல ஹோர்கே ஹிர்ஷ்ங்கற இயற்பியல்காரர் ஹெச்-இண்டெக்ஸைக் கொண்டு வந்தார். விஷயம் ரொம்ப எளிமை. உங்க கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழா அடுக்குங்க. பத்தாவது கட்டுரைக்குக் குறைஞ்சது பத்து மேற்கோள் இருக்கு, பதினோராவதுக்குப் பதினொண்ணு இல்லன்னா உங்க ஹெச் பத்து. ஒரு ஃபார் லூப்ல முடிஞ்சு போற சமாச்சாரம். அவ்வளவு எளிமையா இருந்ததாலதான் காட்டுத்தீ மாதிரி பரவிச்சு.

இந்த மேற்கோள் வித்தையை இந்தியாவுல வளர்த்தவங்கள்ல முக்கியமானவர் சுப்பையா அருணாசலம். சென்னையில எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்தப்ப, சுப்பையா குணசேகரனோட சேர்ந்து 2002ல 'கரண்ட் சயன்ஸ்' இதழ்ல ஒரு கட்டுரை எழுதினார். 1990லேர்ந்து 1999 வரைக்கும் இந்தியாவுலயும் சீனாவுலயும் சக்கரை நோய் பத்தி வந்த கட்டுரைகளையெல்லாம் பப்மெட், சைட்டேஷன் இண்டெக்ஸ் எல்லாத்துலயும் துழாவி எடுத்து, எந்த நிறுவனம், எந்த இதழ், எத்தனை மேற்கோள், வெளிநாட்டுக் கூட்டு உண்டான்னு ஒண்ணு விடாம வகைப்படுத்தினாங்க.

அவங்க கண்டது: உலகத்துல சக்கரை நோய் இருக்கறவங்கள்ல 26 சதவீதம் இந்த ரெண்டு நாட்டுல. உலகத்துல நடக்கற சக்கரை நோய் ஆராய்ச்சியில இந்த ரெண்டு நாட்டோட பங்கு 2 சதவீதத்துக்கும் கீழ.

இந்த ஒரு வரிக்காகவே இந்தப் பதிவை எழுத நெனச்சேன். மேற்கோள் கணக்குன்னாலே 'நீ பெரியவனா நான் பெரியவனா'ன்னு தனி ஆளுங்களுக்கு மார்க் போடறதுன்னு நெனைக்கிறோம். அருணாசலம் அதே கருவியை வெச்சு வேற கேள்வி கேட்டார். நோய் எங்க இருக்கு, மூளை எங்க வேலை செய்யுது? ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு பள்ளம்? டாக்டர்களும் அடிப்படை உயிரியல் விஞ்ஞானிகளும் சேர்ந்து வேலை பாக்கணும், அரசு இந்த மாதிரி கணக்கைப் பாத்துக் கொள்கை வகுக்கணும்னு அதுல சொல்லியிருந்தாங்க. ஸ்கோர் போர்டை அவர் வரைபடமாப் பாத்தார்.

அந்தப் பள்ளம் எப்படி வந்திச்சுங்கறதுக்கு ஒரு துப்பு 2016ல கிடைச்சது. டாக்டர் சமிரன் நந்தி குழு 2005-2014 காலத்துல இந்தியாவோட 579 மருத்துவ நிறுவனங்களை எடுத்துப் பாத்தாங்க. வருஷத்துக்கு 100 கட்டுரைக்கு மேல போட்டது வெறும் 25 நிறுவனம். பத்து வருஷத்துல ஒரு கட்டுரைகூடப் போடாதது 332. அதாவது பாதிக்கு மேல முட்டை. அங்கெல்லாம் தினமும் நோயாளிகள் வரிசையில நிக்கறாங்க, டாக்டர்கள் மூச்சு விட நேரமில்லாம பாக்கறாங்க. பாத்தது எதுவும் எழுத்துல சேரல. கேஸ் ஷீட் கட்டு மூலையில கிடந்து செல்லரிச்சுப் போகுது.

எண்ணிக்கை எங்கே ஏமாத்தும்?

மோகனோட கட்டுரைகள் ஆயிரத்தைத் தாண்டி ரொம்ப நாளாச்சு. ஹெச்-இண்டெக்ஸ் நூறைத் தாண்டியாச்சு. இந்திய மருத்துவத்துல இது ரொம்பவே அபூர்வம். கூகுள் ஸ்காலர்ல பாத்தா கண்ணைக் கட்டுது. ஆனா அந்த மொத்தத்தை அப்படியே விழுங்காம கொஞ்சம் பிரிச்சுப் பாக்கலாம். அவரைக் குறைச்சுச் சொல்ல இல்ல, கருவியைப் புரிஞ்சுக்க.

ஒண்ணு, கூட்டம். கனடாவுல சலீம் யூசுஃப் தலைமையில பல நாடுகள் சேர்ந்து நடத்தற 'பியூர்' ஆய்வு, உலகத்துல உடல் பருமன், சக்கரை எல்லாம் எவ்வளவுன்னு கூட்டிச் சொல்ற என்.சி.டி.-ரிஸ்க் கூட்டமைப்பு, இதெல்லாம் பத்து முதல் நூத்துக்கணக்கான ஆசிரியர்கள் கொண்ட கட்டுரைகள். சென்னை டேட்டா அதுல கலந்திருக்கறதால சென்னைக்காரங்க பேரும் இருக்கும், அது நியாயம்தான். ஆனா அந்த ஆயிரக்கணக்கான மேற்கோள் ஒவ்வொரு ஆசிரியர் கணக்குலயும் முழுசா வரவாகும். ஒரு அண்டாப் பாயசத்தை நூறு பேர் குடிச்சிட்டு, ஆளுக்கு ஒரு அண்டான்னு எழுதிக்கிட்ட மாதிரி.

ரெண்டு, முதல் வரி மகிமை. சக்கரை நோய் பத்தின எந்த இந்தியக் கட்டுரையா இருந்தாலும் முதல் வரி "இந்தியாவுல இத்தனை கோடி பேருக்கு சக்கரை நோய் இருக்கு"ன்னுதான் தொடங்கும். உடனே ஒரு மேற்கோள் போட்டாகணும். 2007ல மோகன் குழு இந்திய நிலவரத்தைத் தொகுத்து 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழ்ல எழுதினது அவரோட அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள்ல ஒண்ணு. புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்ச கட்டுரையைவிட, எல்லாத்தையும் சேர்த்துச் சொன்ன கட்டுரைக்குக் கூட்டம் அதிகம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல கடை போட்ட மாதிரி, எல்லாரும் அந்த வழியாத்தான் போயாகணும்.

மூணாவது இதுக்கு நேர் எதிர். ரொம்பப் பயன்பட்ட விஷயத்தை யாரும் மேற்கோள் காட்ட மாட்டாங்க. இன்னைக்கு இன்சுலின் ஊசி பத்தி எழுதறவர் யாரும் பான்டிங்கோட கட்டுரையைப் பட்டியல்ல போடறதில்ல. அறிவு ஊரறிஞ்ச விஷயமா ஆயிட்டா பேர் உதிர்ந்து போயிடும். ராபர்ட் மெர்ட்டன்ங்கற சமூகவியலாளர் இதைப் பத்தி எழுதியிருக்கார். ஒரு ஆராய்ச்சியோட பெரிய வெற்றி, அதை யாரும் மேற்கோள் காட்டத் தேவையில்லாமப் போறதுதான்.

இது எதுவும் ரகசியம் இல்ல. இதழோட மதிப்பெண்ணை வெச்சு ஆளை எடை போடாதீங்கன்னு 2012ல சான் பிரான்சிஸ்கோவுல ஒரு பிரகடனமே போட்டாங்க. ஆனாலும் நம்ம கல்லூரிகள்ல 'எத்தனை பேப்பர்?' என்கிற கேள்விதான் இன்னும் ஓடுது. பதவி உயர்வுக்குப் பேப்பர், ரேங்கிங்குக்குப் பேப்பர். காசு வாங்கிட்டு எதை வேணும்னாலும் அச்சடிக்கிற 'சர்வதேச' ஜர்னல்கள் பெருத்தது இதனாலதான். இன்ஜினியரிங் படிச்ச யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்ல :-)

இடுப்பளவு டேப்பும் எஸ்.எம்.எஸ்ஸும்

அப்ப எந்தக் கட்டுரை ஆத்தூர் வரைக்கும் வந்து சேரும்? எனக்குத் தெரிஞ்சு நாலைச் சொல்றேன்.

முதலாவது, 2005ல மோகன் குழு போட்ட 'இந்திய சக்கரை நோய் அபாய மதிப்பெண்'. ரத்தமே எடுக்க வேண்டாம். நாலே கேள்வி, மொத்தம் 100 மார்க்.

வயசு: 35க்குக் கீழ 0, 35-49 வரை 20, 50ம் அதுக்கு மேலயும் 30.
இடுப்பளவு: ஆம்பளைக்கு 90 செ.மீ.க்குக் கீழ 0, 90-99 வரை 10, 100ம் அதுக்கு மேலயும் 20. பொம்பளைக்கு இதுலயே பத்துப் பத்து செ.மீ. குறைச்சுக்கணும்.
உடலுழைப்பு: கடின உழைப்பும் உடற்பயிற்சியும் இருந்தா 0, ரெண்டுல ஒண்ணு இருந்தா 20, ரெண்டும் இல்லன்னா 30.
குடும்பம்: அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் இல்லன்னா 0, ஒருத்தருக்கு இருந்தா 10, ரெண்டு பேருக்கும்னா 20.

60ம் அதுக்கு மேலயும் வந்தா அபாயம் அதிகம், போய் ரத்தம் சோதிச்சுக்கணும். இது நோய் இருக்குன்னு சொல்ற தீர்ப்பு இல்ல, யாரை முதல்ல சோதிக்கணும்னு சொல்ற சல்லடை.

நான் போட்டுப் பாத்தேன். வயசு 28, அதுக்கு 0. இடுப்பு 92, அதுக்கு 10. நாள் பூரா நாற்காலி, அதுக்கு 30. அப்பாவுக்கு சுகர், அதுக்கு 10. மொத்தம் 50. இப்ப எங்க ஊர்ல கொடிக்கால் வேலை பாக்கற 55 வயசு ஆள் ஒருத்தரை வெச்சுப் பாருங்க. வயசுக்கு 30. வயிறு ஒட்டிக் கிடக்கு, 0. காலையில இருந்து குனிஞ்சு நிமிர்ந்து வேலை, தனியா உடற்பயிற்சி கிடையாது, 20. பெத்தவங்களுக்கு இல்ல, 0. மொத்தம் 50. என்னைவிட 27 வயசு மூத்தவரும் நானும் ஒரே மார்க்! நான் எதுவுமே பண்ணாம 35வது பிறந்தநாளைக் கொண்டாடினா சும்மா 20 மார்க் வந்து 70 ஆயிடும். கேக்கை வெட்டறப்ப கொஞ்சம் யோசிக்கணும்.

ரெண்டாவது, ராமச்சந்திரன் குழு 2006ல போட்ட தடுப்பு ஆய்வு. சக்கரை நோய் வரப்போகுதுன்னு எல்லையில நிக்கற 531 பேர். சீனாவுல 1997லயும், பின்லாந்துல 2001லயும், அமெரிக்காவுல 2002லயும் நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால நோயைத் தள்ளிப் போடலாம்னு நிரூபிச்சிருந்தாங்க. ஆனா நம்மாளுங்க ஒல்லி, ஒல்லியா இருக்கறப்பவே நோய் வருது. இங்கயும் அது பலிக்குமா? மூணு வருஷம் கழிச்சுப் பாத்தா, ஒண்ணும் செய்யாத குழுவுல 55 சதவீதம் பேருக்கு நோய் வந்திருந்தது. நடை, சாப்பாடு மாத்தின குழுவுல 39.3. கொஞ்சமா மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்ட குழுவுல 40.5. ரெண்டையும் சேர்த்துச் செஞ்சவங்களுக்கு 39.5, அதாவது கூடுதல் பலன் ஒண்ணும் இல்ல. காசு கம்மியான வழியே போதும்னு அர்த்தம்.

மூணாவது, அதே குழு 2013ல. வேலைக்குப் போற 537 ஆம்பளைங்க. எல்லாருக்கும் ஆரம்பத்துல ஒரு தடவை அறிவுரை. பாதிப் பேருக்கு மட்டும் அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு விடாம எஸ்.எம்.எஸ். நடங்க, எண்ணெயைக் குறைங்கன்னு குட்டிக் குட்டி செய்தி. செய்தி வந்தவங்கள்ல 18 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, வராதவங்கள்ல 27. காலர் ட்யூன் விக்கற மெசேஜுக்கு நடுவுல இப்படியும் ஒண்ணு!

நாலாவது, செங்கல்பட்டு பக்கம் சூனாம்பேடு. அங்க 42 கிராமங்களுக்கு மோகன் குழு ஒரு வேனை அனுப்பினாங்க. உள்ளே கண் பரிசோதனைக் கருவி, மேல இஸ்ரோ உதவியோட செயற்கைக்கோள் இணைப்பு. கிராமத்துல எடுத்த விழித்திரைப் படத்தைச் சென்னையில இருக்கற டாக்டர் பாப்பார். சக்கரையால பார்வை போறதைச் சத்தமில்லாம தடுக்கற வேலை.

இந்த நாலையும் உலகத்து மேற்கோள் தராசுல போட்டா, 'இத்தனை கோடி' எண்ணைச் சொல்ற கட்டுரைகள் பக்கம்தான் தட்டு தாழும். ஆனா முகாம்ல இடுப்பளவு டேப்பைப் பிடிக்கற நர்ஸம்மா யாரையும் மேற்கோள் காட்டறதில்ல. நடக்க ஆரம்பிச்ச மனுஷன் எந்த ஜர்னலுக்கும் கடிதம் எழுதறதில்ல. அவருக்கு வராமப் போன நோய் எந்த இண்டெக்ஸ்லயும் ஏறாது.

11.4

அதுக்காக எண்ணறது வீண்னு சொல்ல வரல. 2008ல தொடங்கி 2020 வரைக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மோகன் குழுவும் நாடு பூரா வீடு வீடாப் போய் எடுத்த 'இண்டியாப்' கணக்கு 2023ல லான்செட் குழும இதழ்ல வந்தது. முதல் ஆசிரியர் ஆர்.எம்.அஞ்சனா, மோகனோட மகள், விஸ்வநாதனோட பேத்தி. மூணு தலைமுறை. 1,13,043 பேர், அதுல 79,506 பேர் கிராமத்து ஆளுங்க. சக்கரை நோய் 11.4 சதவீதம், எல்லையில நிக்கறவங்க 15.3 சதவீதம். கணக்குப் போட்டா நோயாளிகள் 10.1 கோடி, அடுத்த வரிசையில 13.6 கோடி.

முதல் கட்டமா 2011ல வந்த முடிவுல தமிழ்நாட்டு நகரங்கள்ல 13.7, கிராமங்கள்ல 7.8 சதவீதம்னு தெரிஞ்சப்ப, 'பணக்கார வியாதி'ங்கற பேச்சுக்கு அங்கயே முடிவு வந்திருக்கணும். கிராமத்து ஆளையும் இது பிடிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் மாத்திரை கிராமத்துக்குப் போகணும்ங்கற யோசனைக்கு ஒரு பிடி கிடைக்கும். 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி சக்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே அனுப்ப ஆரம்பிச்சது. பையோட வர்ற பணியாளர் அம்மாவுக்குப் பின்னாடி எத்தனை வருஷக் கணக்கு இருக்குன்னு மாத்திரை வாங்கற பாட்டிக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்ல. நமக்குத் தெரிஞ்சா நல்லது.

ஒரு ஆராய்ச்சியாளரோட கட்டுரைப் பட்டியலைப் பாத்தா நான் இப்ப மூணு விஷயம் தேடறேன். இவர் யாரோட படி மேல நிக்கறார்? இவரோட படி மேல யார் ஏறினாங்க? இதுல எது பொடி எழுத்துப் பட்டியலைவிட்டு இறங்கி, ஒரு ஊருக்குள்ள நடந்து போச்சு? முதல் ரெண்டுக்கும் கம்ப்யூட்டர் பதில் சொல்லும். மூணாவதுக்கு ஊர்லதான் விசாரிக்கணும்.

சரி மக்கா, வீட்டுல ஒரு இஞ்ச் டேப் இருக்குமே, தையல் மிஷின் டிராயர்ல தேடுங்க. தொப்புள் உயரத்துல சுத்திப் பிடிங்க, மூச்சை உள்ளே இழுத்து ஏமாத்தக் கூடாது. உங்க மார்க் எவ்வளவு?

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டறவன். 60 வந்தா என்கிட்ட சொல்லாதீங்க, டாக்டர்கிட்ட போங்க.